வீட்டுப் பட்டறைக்குப் பழைய சிறிய சிஎன்சி மில்லிங் மிஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீராவி எஞ்சின் மாதிரிகள், கடிகாரப் பாகங்கள், தொலைநோக்கியின் தாங்கிகள் போன்றவற்றை ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே செய்கிற பலர் இப்போது கையால் இயக்கும் மில்லிங்கிலிருந்து (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் முறை) சிஎன்சிக்கு, அதாவது அதே வேலையைக் கணினி புரோகிராம் செய்விக்கும் மிஷினுக்கு, மாற விரும்புகிறார்கள். புதிய மிஷின் அவர்களின் கைக்கு எட்டாத விலையில் இருப்பதால் கோயம்புத்தூரிலும் சென்னை அம்பத்தூரிலும் பழைய மிஷின் விற்பவர்களைத் தேடிப் போகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், பட்டறையில் கற்றுக்கொண்டவற்றைக் கொண்டு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே சிஎன்சி தேவையா?

சதுரமாக்குவது, துளையிடுவது, நேர்க்கோட்டில் பள்ளம் எடுப்பது ஆகியவை மட்டுமே உங்கள் வேலை என்றால், நல்ல நிலையில் உள்ள ஒரு சாதாரண மில்லிங் மிஷினும் அதில் பொருத்திய டிஜிட்டல் ரீடவுட்டும் (டேபிள் நகர்ந்த தூரத்தை எண்ணில் காட்டும் கருவி) போதும்; செலவும் பாதியாகக் குறையும். வளைந்த விளிம்புகள், இணைப்புத் தண்டுகளின் உருவம், சக்கரத்தின் ஆரங்கள், ஒரே பாகத்தைப் பத்து முறை செய்ய வேண்டிய தேவை ஆகியவை வரும்போதுதான் சிஎன்சி தன் மதிப்பைக் காட்டுகிறது. கையால் மில்லிங் செய்தே பழகாத ஒருவர் நேராகச் சிஎன்சிக்குப் போவதை நான் ஆதரிப்பதில்லை. கட்டர் உலோகத்தைக் கடிக்கும்போது எழும் சத்தத்தை வைத்தே தவறை உணரும் பழக்கம் கை வேலையில்தான் வருகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவர் புரோகிராமில் செய்த பிழையை, கட்டர் உடைந்த பிறகுதான் அறிவார்.

பழைய சந்தையில் என்னென்ன வகைகள் கிடைக்கின்றன?

நான்கு வகைகள் கண்ணில் படும். முதலாவது, மேசைமேல் வைக்கும் சிறிய மில்லிங் மிஷினுக்கு ஸ்டெப்பர் மோட்டார் பொருத்திச் சிஎன்சியாக மாற்றியது. இவற்றில் சில 100 கிலோவுக்கும் குறைவான எடை கொண்டவை. அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் போதும், இரும்பில் அதிரும். இரண்டாவது, பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் பாடத்துக்காக வாங்கிப் பின்னர் ஏலத்தில் விடும் பயிற்சி மிஷின்கள். சென்னையின் எம்டாப் நிறுவனத்தின் மிஷின்கள் இந்த வகையில் நன்கு அறியப்பட்டவை. மூன்றாவது, பிடி30 டேப்பர் (டூல் ஹோல்டர் அமரும் கூம்புத் துளையின் ஓர் அளவு) கொண்ட, துளையிடவும் மரை போடவும் உருவாக்கப்பட்ட சிறிய உற்பத்தி மிஷின்கள். எடை சுமார் 2 டன் இருக்கும். நான்காவது, பொதுத்துறை நிறுவனமான எச்எம்டியின் எஃப்என் வரிசை போன்ற கனமான பழைய மிஷினை யாரோ ஒருவர் சிஎன்சியாக மாற்றி வைத்திருப்பது.

பொழுதுபோக்காகச் செய்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இரண்டாவது வகையைத்தான். கல்லூரி மிஷின் ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே ஓடியிருக்கும், பெரும்பாலும் மெழுகையும் அலுமினியத்தையும் மட்டுமே வெட்டியிருக்கும், ஸ்லைடுகள் (டேபிள் நகரும் வழித்தடங்கள்) அநேகமாகப் புதிதாகவே இருக்கும். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது: பல ஆண்டுகள் மூடிய அறையில் கிடந்ததால் எண்ணெய்க் குழாய்கள் அடைத்துப் போயிருக்கும், அதை ஓட்டிய கணினி காலாவதியாகியிருக்கும், மாணவர் கையில் ஒரு முறையாவது ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) வைஸில் மோதியிருக்கும். முதல் இரண்டையும் சரிசெய்துவிடலாம். மூன்றாவதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த அளவு வாங்குவது?

உங்கள் மிகப் பெரிய பாகத்தை நினைத்து வாங்காதீர்கள். அந்தப் பாகத்தைப் பிடிக்கும் வைஸையும், அதன்மேல் நிற்கும் டிரில் சக்கையும், அதிலிருந்து நீளும் டிரில்லையும் சேர்த்து நினைத்து வாங்குங்கள். டேபிளின் நீளம் போதவில்லை என்று சொல்பவர்களைவிட இசட் அச்சின் (மேலும் கீழும் நகரும் திசை) உயரம் போதவில்லை என்று வருந்துபவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 100 மில்லிமீட்டர் வைஸ் ஒன்று டேபிளிலிருந்து ஏறக்குறைய 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை உயரத்தை எடுத்துக்கொள்ளும்; டிரில்லும் சக்கும் சேர்ந்து இன்னொரு 150 மில்லிமீட்டரை விழுங்கும்.

ஸ்பிண்டிலின் சுற்று வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, கட்டரின் விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். அலுமினியத்தில் கார்பைடு கட்டருக்கு நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று வைத்தால், 6 மில்லிமீட்டர் கட்டருக்கு 8000 சுற்றுக்குச் சற்றே குறைவாக வரும். இஎன்8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகில் 10 மில்லிமீட்டர் எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) கட்டருக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 800 சுற்று போதும். 3000 சுற்றுக்கு மேல் ஓடாத மிஷினில் அலுமினியம் வெட்ட முடியாது என்பதில்லை, மெதுவாக வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 800 சுற்றில் போதிய இழுவை இல்லாத மிஷினில் எஃகு வெட்டுவது பெரும் துன்பம். எனவே அதிகபட்ச வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாமல், குறைந்த வேகத்தில் ஒரு கட்டரை அழுத்தி ஓட்டிப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?

0.01 மில்லிமீட்டர் பிளஞ்சர் டயல் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) ஒன்று, 0.002 மில்லிமீட்டர் லீவர் டயல் ஒன்று, மேக்னட் ஸ்டாண்டு, அந்த மிஷினின் டேப்பருக்கு ஏற்ற டெஸ்ட் மேண்ட்ரல் (ஸ்பிண்டிலைச் சோதிக்கும் துல்லியமான உருளைத் தண்டு), டார்ச் விளக்கு, துடைக்கத் துணி, ஒரு துண்டு அலுமினியம். மேண்ட்ரல் சொந்தமாக இல்லையென்றால் டூல் ரூம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு: நீங்கள் வரும் நேரம்வரை மிஷினை ஓட்ட வேண்டாம் என்று முந்தைய நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏன் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்?

பல ஆண்டுகளுக்கு முன் குறிச்சியில் ஒரு கொட்டகையில் பிடி30 மிஷின் ஒன்றைப் பார்க்கப் போனேன். காலை ஒன்பது மணி. பெயிண்ட் புதிதாக இருந்தது, மேலே ஒரு மாலைகூடத் தொங்கியது. ஸ்பிண்டிலின் மூக்கில் கை வைத்தேன், சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட விட்டிருக்கிறார்கள். உள்ளே கிரீஸ் இளகியதும் தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு அடங்கிவிடும். மதியம்வரை அணைத்து வைக்கச் சொல்லிக் காத்திருந்து மீண்டும் ஓட்டியபோது, 4000 சுற்றைத் தாண்டியதும் மாவு மில்லில் கல் சிக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அன்று காத்திருந்த நான்கு மணி நேரம் ஒரு ஸ்பிண்டில் ரீகண்டிஷனிங் செலவை எனக்கு மிச்சப்படுத்தியது.

ஸ்பிண்டிலை எப்படி அளப்பது?

முதலில் டேப்பரின் உட்புறத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் டூல் ஹோல்டர் சரியாக அமராமல் உள்ளே அசைந்திருக்கிறது என்று பொருள். பிறகு மேண்ட்ரலைப் பிடிக்கச் செய்து, லீவர் டயலை மூக்குக்கு அருகில் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள்ளின் ஆட்டம் 0.005 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நன்று. 300 மில்லிமீட்டர் கீழே 0.015 வரை நான் ஏற்றுக்கொள்வேன். மேண்ட்ரலைக் கழற்றி 180 டிகிரி திருப்பிப் போட்டு மறுபடி அளக்க வேண்டும். உயர்ந்த புள்ளி மேண்ட்ரலோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் மேண்ட்ரலுடையது, ஸ்பிண்டிலோடு நின்றால் ஸ்பிண்டிலுடையது.

அடுத்து, ஒரு மரக்கட்டையை டேபிளில் வைத்து நெம்பி, ஸ்பிண்டிலை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். டயல் முள் நகர்ந்துவிட்டுத் திரும்பி வராமல் நின்றால் பேரிங்கின் முன்சுமை (அதைத் தளர்வின்றி வைக்கும் அழுத்தம்) போய்விட்டது. டூலை இறுக்கிப் பிடிப்பது உள்ளே அடுக்கி வைத்த தட்டு ஸ்பிரிங்குகள். அவற்றில் சில உடைந்திருந்தால் மிஷின் ஓடும், டூலும் நிற்கும், ஆனால் கனமாக வெட்டும்போது ஹோல்டர் கீழே இறங்கி ஆழம் மாறும். டூலை விடுவிக்கும்போது நொறுங்கும் சத்தமோ தடுமாற்றமோ இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

பேக்லாஷ் எவ்வளவு இருக்கலாம்?

எவ்வளவு என்பதற்கு முன் எங்கே என்று கேட்க வேண்டும். டயலை டேபிளின் ஓரத்தில் வைத்து, ஒரே திசையில் 0.1 மில்லிமீட்டர் வீதம் சில முறை நகர்த்தி, பிறகு எதிர்த்திசையில் 0.01 வீதம் திருப்புங்கள். கன்ட்ரோலர் (மிஷினை இயக்கும் கணினி) நகர்ந்ததாகச் சொல்லியும் முள் நகராமல் நிற்கும் தூரம்தான் பேக்லாஷ். இதை டேபிளின் இடது ஓரத்திலும், நடுவிலும், வலது ஓரத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும். பத்து ஆண்டுகள் ஒரே ஜாப் ஓடிய மிஷினில், வைஸ் நின்ற இடத்துக்கு நேர் கீழே இருக்கும் பால் ஸ்க்ரூவின் (டேபிளை நகர்த்தும் திருகுத் தண்டு) பகுதி மட்டும் தேய்ந்திருக்கும். நான் அளந்த ஒன்றில் ஓரங்களில் 0.02 இருந்தது, நடுவில் 0.07.

இந்த வேறுபாட்டைக் கன்ட்ரோலரால் சரிசெய்ய முடியாது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும் பேக்லாஷைப் பாராமீட்டரில் (கன்ட்ரோலரின் அமைப்பு மதிப்பு) எண் கொடுத்து ஈடுகட்டலாம். ஜப்பானின் ஃபானக் நிறுவனத்தின் பல கன்ட்ரோலர்களில் அது 1851-ஆம் பாராமீட்டர். விற்பவர் அங்கே பெரிய எண்ணைப் போட்டு வைத்திருந்தால் உங்கள் டயல் பூஜ்யம் காட்டும். ஆகவே அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணைப் படியுங்கள். அதன் அலகு பெரும்பாலும் மைக்ரான் என்பதால், 60 அல்லது 70 என்று இருந்தால் ஸ்க்ரூ தேய்ந்ததை மறைத்திருக்கிறார்கள். ஈடுகட்டிய மிஷினில் அளவு வரும், ஆனால் கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கும் திசையில் வெட்டும்போது அந்தத் தளர்ச்சி அப்படியே வெளிப்பட்டு ஜாப் அதிரும்.

பொழுதுபோக்கு வேலைக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக 0.03 இருப்பதை நான் ஏற்பேன்; ஓரத்தில் 0.01-உம் நடுவில் 0.05-உம் இருப்பதை ஏற்க மாட்டேன். ஸ்க்ரூவை மாற்றுவதாக இருந்தால் தரத்தையும் கவனிக்க வேண்டும். உருட்டிச் செய்யும் சி7 ஸ்க்ரூவில் 300 மில்லிமீட்டருக்கு 0.05 வரை பிழை இருக்கலாம். கிரைண்ட் செய்த சி5-இல் 0.018.

ஸ்லைடுகளில் எதைப் பார்ப்பது?

பெட்டி வடிவ ஸ்லைடு உள்ள மிஷினில் கவசத்தை விலக்கி, டேபிளின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிச் சமப்படுத்துவது) செய்த பூப்போன்ற தடங்கள் ஓரத்தில் தெளிவாக இருந்து நடுவில் அழிந்திருந்தால் தேய்மானம் அங்கே இருக்கிறது. ஜிப்பை (ஸ்லைடின் தளர்வைச் சரிசெய்யும் ஆப்பு) நடுவுக்கேற்ப இறுக்கினால் ஓரத்தில் டேபிள் பிடிக்கும், ஓரத்துக்கேற்ப விட்டால் நடுவில் ஆடும். மீண்டும் ஸ்கிரேப்பிங் செய்வது கைதேர்ந்த ஃபிட்டரின் பல நாள் வேலை. அப்படிப்பட்ட ஃபிட்டர்களும் இப்போது அருகிவிட்டார்கள். எல்எம் கைடு (ரயிலின்மேல் பேரிங் பிளாக் ஓடும் அமைப்பு) உள்ள மிஷினில் தேய்ந்த ரயிலையும் பிளாக்கையும் மாற்றிவிடலாம், அந்த வகையில் அது வீட்டுப் பட்டறைக்குச் சாதகமானது. இரண்டிலும், எண்ணெய் பம்பை இயக்கிவிட்டு ஒவ்வொரு முனையிலும் எண்ணெய் வந்து சேர்கிறதா என்று கண்ணால் காணும்வரை நகராதீர்கள்.

கன்ட்ரோலர் பழையதாக இருந்தால் பயப்பட வேண்டுமா?

பழமைக்காகப் பயப்பட வேண்டாம். பேக்கப் இல்லாமைக்காகப் பயப்படுங்கள். ஃபானக் போன்ற கன்ட்ரோலர்களில் பாராமீட்டர்கள் ஒரு சிறிய லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கின்றன. மிஷின் இரண்டு ஆண்டுகள் கொட்டகையில் கிடந்து பேட்டரி தீர்ந்துவிட்டால், இயந்திரம் தான் எந்த மிஷின் என்பதையே மறந்துவிடும். அதை மீட்க அந்தக் குறிப்பிட்ட மிஷினுக்கான பாராமீட்டர் பட்டியல் வேண்டும். பெரும்பாலும் அது மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதமாக இருக்கும். அந்த உறை காலியாக இருந்தால் விலையைக் குறைத்தே பேச வேண்டும். திரையில் பேட்டரி எச்சரிக்கை மினுங்கினால் மிஷினுக்கு மின்சாரம் இருக்கும்போதே புதியதை மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றியவர்கள் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். வாங்கிய அன்றே, மிஷினை அங்கிருந்து அசைப்பதற்கு முன்பே, பாராமீட்டர்கள், லேடர் (மிஷினின் சுவிட்சுகளை ஆளும் புரோகிராம்), ஆஃப்செட்டுகள் (டூல், ஜாப் அளவுத் திருத்தங்கள்) அனைத்தையும் கார்டிலோ ஆர்எஸ்-232 கேபிள் வழியாகவோ எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

கன்ட்ரோலர் செத்துப்போன மிஷினை மலிவாக வாங்கலாமா?

இரும்பு நன்றாக இருந்தால் வாங்கலாம். கன்ட்ரோலரை மாற்ற முடியும்; தேய்ந்த படுகையை வீட்டில் மாற்ற முடியாது. என் தேர்வில் முதலிடம் எப்போதும் வார்ப்பிரும்புக்கும் ஸ்பிண்டிலுக்கும்தான். அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நிஸ்ட் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த லினக்ஸ்சிஎன்சி என்ற கன்ட்ரோலர் மென்பொருள் இலவசம், சர்வோ மோட்டார்களையும் ஓட்டும். பழைய பயிற்சி மிஷின்களில் மாக்3 என்ற மென்பொருள் அதிகம் காணப்படும். அது பேரலல் போர்ட் உள்ள பழைய கணினியை நம்பியிருப்பதால் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க்கை முதல் நாளே நகலெடுத்து வையுங்கள். ஆனால் ரெட்ரோஃபிட் (பழைய மிஷினுக்குப் புதிய கன்ட்ரோலர் பொருத்துவது) செய்ய ஆறு மாத மாலை நேரங்கள் போகும் என்பதை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். எஞ்சின் செய்ய ஆசைப்படுபவர் மிஷின் செய்பவராக மாறிவிடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கும் ஜாப் எதுவாக இருக்க வேண்டும்?

கொண்டுபோன அலுமினியத் துண்டில் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்ட மேட்டை வெட்டச் சொல்லுங்கள்; கடைசிச் சுற்றில் 0.1 மட்டும் எடுக்க வேண்டும். எக்ஸ் திசையிலும் ஒய் திசையிலும் மைக்ரோமீட்டரால் அளந்து, பிறகு இரண்டு மூலைவிட்டங்களிலும் அளங்கள். முதல் இரண்டும் மாறினால் பேக்லாஷ். மூலைவிட்டங்கள் இரண்டும் தமக்குள் மாறினால் எக்ஸும் ஒய்யும் செங்குத்தாக இல்லை. வட்டத்தின் நான்கு திசைமாறும் புள்ளிகளிலும் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டும் சிறு கோடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும்.

வீட்டு மின்இணைப்பு தாங்குமா?

நம் ஊரில் தொழிற்சாலை மிஷின்கள் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை எதிர்பார்க்கின்றன; ஃபானக் டிரைவ்களுக்கு அதை 200 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே இருக்க வேண்டும். பல பழைய மிஷின்கள் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலேயே விற்பனைக்கு நிற்கின்றன என்பதால் கேட்டு உறுதி செய்யுங்கள். சிறிய மிஷினில் ஸ்பிண்டில் 2.2 கிலோவாட்டுக்குள் இருந்தால், ஒருமுனை 230 வோல்ட்டை ஏற்கும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) ஒன்றால் ஓட்டலாம். தனி எர்த் குழி தோண்டுங்கள். நகராட்சித் தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுத்து என்கோடர் (நகர்வை அளக்கும் சென்சார்) பிழைகளோடு மாதக்கணக்கில் போராடியவர்களை அறிவேன். அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் கூட்ட வேண்டுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இறக்குவதும் நிறுத்துவதும்?

தரைத்தளம், 150 மில்லிமீட்டர் கான்கிரீட், வாசலின் அகலம். மிஷினின் அகலத்தை அளப்பவர்கள் அதன் மோட்டார் உச்சி நிலைப்படியில் இடிக்குமா என்று அளக்க மறந்துவிடுகிறார்கள். ஏற்றும் முன் ஸ்பிண்டில் தலைக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்குங்கள். இல்லையென்றால் சாலையின் ஒவ்வொரு குழியும் இசட் பால் ஸ்க்ரூவில் விழும்.

டூலுக்கும் மென்பொருளுக்கும் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக வையுங்கள். நல்ல வைஸ், கட்டரைப் பிடிக்கும் ஆறேழு இஆர் காலட் ஹோல்டர்கள், புல் ஸ்டட்கள் (ஹோல்டரின் உச்சியில் மாட்டும், ஸ்பிண்டில் இழுத்துப் பிடிக்கும் குமிழ்கள்), கட்டர்கள் சேரும்போது அந்தத் தொகை கரைந்துவிடும். புல் ஸ்டட்டில் பல வடிவங்கள் இருப்பதால், மிஷினோடு வந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த்தான் வாங்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் தவறான ஸ்டட் ஹோல்டரைக் கீழே விட்டுவிடும். மென்பொருளுக்கு ஃபிரீகேட் இலவசம். ஃபியூஷனின் (முன்பு ஃபியூஷன் 360) தனிநபர் உரிமமும் இலவசம், ஆனால் 2020 முதல் அதில் தானாக டூல் மாற்றும் வசதியும் வேகமான வெற்று நகர்வும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன.

வெளிநாட்டில் இதே மிஷின்களில் பொழுதுபோக்காகத் துப்பாக்கிப் பாகங்கள் செய்கிறார்களே, இங்கும் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. 5-ஆம் பிரிவு உரிமமின்றித் தயாரிப்பதையும் பழுதுபார்ப்பதையும் தடைசெய்கிறது. 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள், உச்சம் ஆயுள் சிறை. யாராவது வரைபடத்தைக் கொடுத்து "சும்மா ஒரு பீஸ் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால், அது என்ன பாகம் என்று தெரியும்வரை மிஷினில் ஏற்றாதீர்கள்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் என்ன செய்வது?

மிஷினை நிறுத்தி, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் ரசமட்டத்தால் இரு திசையிலும் மட்டம் பாருங்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் பாருங்கள். கான்கிரீட்டும் அடித்தட்டுகளும் அமர்ந்து மாறியிருக்கும். பழைய கூலண்ட்டை முழுவதும் வடித்துத் தொட்டியைக் கழுவுங்கள், ஸ்லைடு எண்ணெயை 68 கிரேடுக்கு மாற்றுங்கள், எமர்ஜென்சி பட்டன் உண்மையிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கிறதா என்று ஒவ்வோர் அச்சையும் ஓட்டிச் சோதியுங்கள். பிறகு ஸ்பிண்டிலில் டயலை மாட்டி டேபிளின்மேல் ஒரு வட்டம் சுற்றி, தலை செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புற உறையில் வையுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்பிட அந்த நோட்டு வேண்டும்.